மூன்று மாதம் தாண்டிய நோ: குடும்ப வைத்தியர் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?

பதிவு 1 | உவர்மலை_வைத்தியர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் நாட்பட்ட நோ (வலி) உள்ள ஒருவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாரி (கீழ்முதுகு) நோவுக்கு ஒரு தனியார் டிஸ்பென்சரி. கால் எரிவுக்கு ஆஸ்பத்திரி கிளினிக். இடையில் ஒரு பரியாரியார். இரவில் தாங்கேலாது என்றால் பாமசி. நாலு பேரும் மருந்து கொடுக்கிறார்கள், ஆனால் அந்த நாலையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஆள் இல்லை. அந்த ஆள் குடும்ப வைத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற நோவைத்தான் நாட்பட்டது என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட நோவுக்கே தனிக் குறியீடு உண்டு. அதாவது வேறொரு நோயின் அடையாளம் என்று மட்டும் அதை எழுதிவிட்டுப் போக முடியாது.

முதல் சந்திப்பில் என்ன செய்வது, எந்த மருந்தை எந்த அளவில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது, எப்போது மேலே அனுப்புவது என்று வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள். அனுபவக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

பதிவு 2 | மூதூர்_ஜிபி

முதல் சந்திப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை ஆபத்தைத் தள்ளிவைப்பது. நாரி நோ என்று வந்தவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: மலசலம் கழித்துவிட்டுக் கழுவும்போது அந்த இடத்தில் தொடுகை தெரிகிறதா? சலம் போக முட்டுகிறதா, அல்லது தெரியாமல் போகிறதா? இரண்டு காலும் பலம் குறைகிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அன்றே ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் 1990 அம்புலன்ஸ். முள்ளந்தண்டின் அடியில் உள்ள வாலடி நரம்புகள் நசுங்கும்போது மணித்தியாலங்கள்தான் கணக்கு. இந்தக் கேள்வியை வெட்கத்தில் விட்டுவிடுகிறோம், முக்கியமாகப் பெண்களிடம். பக்கத்தில் ஒரு பெண் ஊழியரை வைத்துக்கொண்டாவது கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது காய்ச்சல், மெலிவு, இரவில் படுத்திருக்கும்போதும் குறையாத நோ, முன்பு புற்றுநோய் இருந்ததா, நீண்டகாலம் ஸ்டீரொயிட் எடுத்தாரா, 50 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த நோவா என்பவை. பின்னேரக் காய்ச்சலோடு முதுகு நோ என்றால் முள்ளந்தண்டுக் காசநோயை நினையுங்கள். காலையில் அரை மணிக்கு மேல் விறைத்துப்போய், நடமாட நடமாட இலேசாகிறது என்றால் அது அழற்சி மூட்டுவாதமாக இருக்கலாம். அவரை மாதக்கணக்கில் நோக்குளிசையில் வைத்திருப்பது பிழை.

இவை இல்லை என்றான பிறகு நோ எந்த வகை என்று பிரியுங்கள். மூட்டு, தசை, எலும்பில் இருந்து வருவது ஒன்று. அது அசைத்தால் கூடும், அமர்ந்தால் குறையும். நரம்பில் இருந்து வருவது இன்னொன்று; எரிவு, மின்சாரம் அடித்த மாதிரி, ஊசி குத்து, எறும்பு ஊர்வு, சீலை பட்டாலும் தாங்காமை என்று சொல்வார்கள். மூன்றாவதில் இழையத்திலும் நரம்பிலும் சேதம் காட்ட முடியாது, ஆனால் நோவைக் கடத்தும் அமைப்பே கூருணர்வாகி நிற்கும். உடம்பு முழுக்க உளைவு, நித்திரை கெட்டது, களைப்பு என்று வருபவர்கள் பலர் இந்த வகை. ஒரே ஆளில் மூன்றும் கலந்தும் இருக்கும். சலரோகமும் முழங்கால் தேய்வும் சேர்ந்த அறுபது வயதுக்காரருக்குக் காலில் இரண்டு நோ. அவற்றுக்கு இரண்டு மருந்து வழி.

இதைப் பிரிக்காமல் எல்லாருக்கும் டிக்ளோபெனாக் என்ற அழற்சி தணிக்கும் நோக்குளிசையை எழுதுவதுதான் எங்கள் பெரிய பிழை. எரிகிற பாதத்துக்கு டிக்ளோபெனாக் வேலை செய்யாது. வேலை செய்யாததால் அளவு கூடும், நாள் கூடும், கடைசியில் வயிற்றுப் புண்ணோடும், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் கூடியும் வந்து நிற்பார்.

கடைசியாக அளவு. 'எப்படி இருக்கு, குறைஞ்சுதா?' என்று கேட்டால் ஆள் அன்றைய மனநிலையைத்தான் சொல்லுவார். மூன்று கேள்வி போதும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி: கடந்த ஒரு கிழமையில் சராசரி நோ எவ்வளவு? வாழ்க்கையில் இன்பம் காண்பதை அது எவ்வளவு தடுத்தது? வழமையான வேலைகளை எவ்வளவு தடுத்தது? மூன்றின் சராசரியை அவருடைய கொப்பியில் எழுதுங்கள். அடுத்த தடவை 30 வீதம் குறைந்திருந்தால் செய்தது பலன் தருகிறது என்று எடுக்கலாம். 9 என்பது 6 ஆவது நல்ல முன்னேற்றம். பூச்சியம் ஆக்குவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதிவு 3 | ஓபிடி_கந்தளாய்

டொக்டர், சொல்வதெல்லாம் சரி. ஆனால் பின்னேரம் ஐம்பது அறுபது பேர் வாசலில் இருக்கும்போது இதற்கு நேரம் எங்கே? வருபவரும் ஊசி போட்டு அனுப்புங்கோ என்றுதான் கேட்கிறார். போடாவிட்டால் அடுத்த டிஸ்பென்சரிக்குப் போவார்.

பதிவு 4 | மூதூர்_ஜிபி

ஒரே நாளில் செய்ய நினைத்தால் முடியாது அண்ணை. மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் நாள் ஏழெட்டு நிமிடம்: ஆபத்துக் கேள்விகள், நோ இருக்கும் இடத்தைத் தொட்டுச் சோதிப்பது, அந்த மூன்று புள்ளி. 'அடுத்த கிழமை வரும்போது வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையும் எண்ணெயும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாங்கோ' என்று சொல்லி அனுப்புங்கள். இரண்டாம் நாள் அந்தப் பை, பிரஷர், சீனி, கிரியேட்டினின், நித்திரை, மனம். மூன்றாம் நாள் ஒரு இலக்கும் ஒரு திட்டமும். மூன்று நாளும் சேர்ந்தால் இருபத்தைந்து நிமிடம்தான் வரும்.

இலக்கு என்பது அவர் வாயிலிருந்து வரவேண்டும். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் ஏற்றத்தை இரண்டு இடத்தில் மட்டும் நின்று ஏறுவது, ஜும்ஆவுக்குப் பள்ளிக்கு நடந்து போவது, அரை மணி நேரம் குந்தாமல் கதிரையில் இருந்து மீன் வெட்டுவது. இப்படி எழுதினால் அடுத்த தடவை நடந்ததா இல்லையா என்று இருவருக்கும் தெரியும்.

ஊசி பற்றி: டிக்ளோபெனாக் ஊசி குளிசையை விட ஆழமாக ஒன்றும் செய்வதில்லை. வேகமாக ஏறும், அவ்வளவுதான். மாதக்கணக்கான நோவில் அந்த வேகத்தால் பலன் இல்லை. பிட்டத்தில் பிழையான இடத்தில் போட்டால் பெரிய நரம்பு அடிபட்டுக் கால் விழும் ஆபத்தும் உண்டு.

இன்னொன்று. 'நோ கூடினால் வாங்கோ' என்று சொல்லி அனுப்பாதீர்கள். திகதி கொடுங்கள். நோ கூடினால்தான் டொக்டரைப் பார்க்கலாம் என்றால், நோ கூடுவதே சந்திப்புக்குச் சீட்டாகிவிடும். நல்லாக இருக்கும் நாளிலும் வரவேண்டும். தொடக்கத்தில் 2 கிழமைக்கு ஒருமுறை, நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதம். இதைச் செய்தால் அந்த ஆள் அடுத்த டிஸ்பென்சரிக்குப் போகும் தேவை குறையும்.

பதிவு 5 | பாமசி_கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். பையோடு வரச் சொல்வது மிக நல்ல முறை. அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியும், எழுதுகிறேன்.

பெயர் எழுதாத சின்னக் கவர்களில் வெள்ளையும் மஞ்சளுமாகக் குளிசைகள். ஒரு கவரில் டிக்ளோபெனாக், இன்னொன்றில் அசெக்ளோபெனாக், கடையில் தானே வாங்கிய இபுபுரூபன். மூன்றும் ஒரே குடும்பம். ஆளுக்குத் தெரியாது, தெரிவிக்க வழியும் இல்லை, ஏனென்றால் கவரில் 'காலை 1 இரவு 1' என்று மட்டும்தான் இருக்கிறது. டொக்டர்மாருக்கு என் வேண்டுகோள்: கவரில் மருந்தின் பெயரும் மி.கி. அளவும் எழுதுங்கள். ஒரு கவருக்கு பத்துச் செக்கன் போகும். பாமசியில் நாங்களும் அதைப் பார்த்துத்தான் 'இது ஏற்கெனவே இருக்கு' என்று நிறுத்த முடியும்.

பரசிற்றமோலும் அப்படித்தான். 500 மி.கி. குளிசை ஒரு நாளைக்கு 8க்கு மேல் போகக்கூடாது, அது 4 கிராம். மெலிந்தவர், 50 கிலோவுக்குக் கீழானவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். தடிமன் குளிசைக்குள்ளும் கொடீன் கலந்த குளிசைக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது என்பதைச் சேர்த்து எண்ணுங்கள்.

ஆகக் கவனிக்க வேண்டிய சேர்க்கை இது: பிரஷருக்கு எனலாபிரில் அல்லது லொசார்டன், அதோடு சலம் போகிற குளிசை, மேலே ஒரு டிக்ளோபெனாக். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த அழுத்தம் விழும். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குறைந்த ஆள் என்றால் ஒரு கிழமையிலேயே கிரியேட்டினின் ஏறலாம். வயிற்றோட்டம் வந்த நாளில் இன்னும் மோசம். பதவி சிறிபுரப் பக்கம் காரணம் கண்டறியப்படாத சிறுநீரக நோய் உள்ள பகுதி. அங்கிருந்து வருபவருக்குக் கிரியேட்டினின் பார்க்காமல் இந்த வகைக் குளிசை கொடுக்கவே கூடாது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஈ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழே என்றால் எந்த அளவிலும் வேண்டாம்.

பதிவு 6 | குச்சவெளி_எம்ஓ

பாமசி நானா சொன்னதற்கு மேல்: முழங்கால், கை மூட்டுத் தேய்வுக்கு முதலில் பூசுகிற டிக்ளோபெனாக் ஜெல். 1 வீத ஜெல் என்றால் முழங்காலுக்குத் தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 4 தடவை. பட்டாணி அளவு தொட்டுப் பூசிவிட்டு 'பலன் இல்லை' என்பார்கள். அது நாலில் ஒரு பங்கும் இல்லை, அளவை விரலில் காட்டிக் கொடுங்கள். இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசிப் பார்த்துத்தான் முடிவு. இடுப்பு மூட்டுக்கு இது எட்டாது, மூட்டு ஆழத்தில் இருக்கிறது. பூசிய இடத்தில் சுடுதண்ணிப் போத்தல் வைக்க வேண்டாம்.

குளிசை கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஆகக் குறைந்த அளவு, ஆகக் குறைந்த நாள், கூடவே வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல் 20 மி.கி. நெஞ்சு வருத்தம், பாரிசவாதம் வந்தவருக்கு டிக்ளோபெனாக் வேண்டாம்.

சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022இல் மூட்டுத் தேய்வுக்குப் பரசிற்றமோலை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது. அதற்கு முதல் ஆண்டு, காரணம் காட்ட முடியாத நாட்பட்ட முதன்மை நோவுக்குப் பரசிற்றமோல், டிக்ளோபெனாக் வகை, கபாபென்டின் வகை நரம்பு மருந்து, ட்ரமடோல், மோர்பின் போன்ற ஓபியொயிட் எதையும் தொடங்க வேண்டாம், உடற்பயிற்சியும் உளச் சிகிச்சையும் முன்னால், தேவைப்பட்டால் அமிட்ரிப்டிலின், டுலொக்செற்றின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் என்றது. எங்கள் நாட்டில் உளச் சிகிச்சை கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. ஆனால் 'வேண்டாம்' என்ற பட்டியலைப் பின்பற்ற ஒரு சதமும் தேவையில்லை.

பதிவு 7 | கிளினிக்_மிஸ்

சலரோகக் கால் எரிவு பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. மருந்துக்கு முதல் செய்ய வேண்டியவை:

செருப்பையும் சொக்ஸையும் கழற்றச் சொல்லுங்கள். பாதி ஆட்களின் பாதத்தை யாரும் பார்த்ததே இல்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பெருவிரல், பாதத்தின் முன் மேடு என்று தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, இழை வளைகிற அளவுக்கு ஒன்றிரண்டு செக்கன் அழுத்த வேண்டும். தடித்த தோலில் வைக்காதீர்கள், 'தெரியாது' என்று பிழையான விடை வரும். 128 ஹேட்ஸ் இசைக்கவை இருந்தால் அதிரவைத்துப் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேளுங்கள். எரிகிறது என்று சொல்லும் பாதமே தொடுகை தெரியாத பாதமாகவும் இருக்கும். இதைத்தான் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

ஆகவே சூடு கவனம். எரிவுக்குக் கால் ஊறவைக்கவென்று வாளியில் சுடுதண்ணி எடுப்பவர்கள் உண்டு. கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் நாரியும் தோளும் இலேசாகும், அது சரி. கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு என்பதால் பாதம் மரத்தவர் காலில் ஊற்றுமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பதும் அவருக்குக் கூடாது. கொப்புளம் வந்தாலும் நோகாது, புண் ஆன பிறகுதான் தெரியும்.

சலரோகத்துக்கு மெட்போமின் பல வருடம் எடுத்தவருக்கு விற்றமின் பி12 குறையலாம், அதுவும் இதே எரிவைத் தரும். முடிந்தால் பரிசோதியுங்கள். குறைந்திருந்தால் பி12 கொடுங்கள். குறையாதவருக்குக் கிழமைக்குக் கிழமை பல பி விற்றமின்கள் கலந்த ஊசி போடுவதில் பயன் இல்லை. அதில் உள்ள பி6 நீண்டகாலம் கூடினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பதிவு 8 | குச்சவெளி_எம்ஓ

மிஸ் சொன்ன பரிசோதனையோடு இன்னொன்று: கிழக்கில் இன்றும் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. கை கால் விறைப்பு, நரம்பு வழியே நோ என்று வந்தால் முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பாருங்கள், நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று. உணர்வில்லாத வெளிறிய படை இருக்கிறதா என்று முதுகையும் பாருங்கள். இருந்தால் தோல் நோய் கிளினிக். நரம்பு புதிதாக நொந்து பலம் குறைகிறது என்றால் காத்திருக்கக்கூடாது. நாள் கடந்தால் விரல் மடங்கி நின்றுவிடும்.

நரம்பு நோ மருந்துகள்:

அமிட்ரிப்டிலின் 10 மி.கி., படுக்கைக்கு இரண்டு மணி முதல். இரவு 8 மணி என்று சொல்லுங்கள், படுக்கும்போது எடுத்தால் காலையில் தலை பாரமாக இருக்கும். ஒன்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை 10 மி.கி. கூட்டலாம். பலருக்கு 20 முதல் 50 வரை போதும், 75க்கு மேல் நாங்கள் போவதில்லை. சலம் முட்டுகிற புரொஸ்டேட்காரர், ஒடுங்கிய கோணக் குளுக்கோமா என்ற கண் நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். வயது போனவர்கள் இரவில் எழும்பும்போது விழுவார்கள், சொல்லி வையுங்கள். வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும்.

கொடுக்கும்போதே சொல்ல வேண்டிய வசனம்: 'இது கூடின அளவில் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசை. உங்களுக்கு இந்தச் சின்ன அளவில் நரம்பு நோவுக்குத் தருகிறேன். இரண்டு முதல் நாலு கிழமை செல்லும்.' இதைச் சொல்லாமல் விட்டால், வெளியே யாரோ 'இது மண்டைக்குளிசை' என்பார், மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். மருந்து தோற்றது என்று நாங்கள் எழுதுவோம். மருந்து தோற்கவில்லை, விளக்கம்தான் விடுபட்டது.

கபாபென்டின் என்றால் இரவு 300 மி.கி., பொறுத்தால் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு வேளை கூட்டி 300 மூன்று வேளை. முதியவருக்கு 100இல் தொடங்குங்கள். பிரிகாபலின் 75 மி.கி. இரண்டு வேளை என்று புத்தகத்தில் இருக்கும். முதியவருக்கு 25 இரவில் மட்டும் தொடங்குவது நல்லது. இரண்டும் சிறுநீரகத்தால் வெளியேறுவதால் ஈ.ஜி.எஃப்.ஆர் 60க்குக் கீழே போனால் அளவு ஏறத்தாழப் பாதி. கணுக்கால் வீக்கம், எடை கூடல், தலைச்சுற்று வரும். ஆட்டோ ஓட்டுபவர், படகில் இரவு போகிறவர் முதல் கிழமை கவனம்.

ஒரு மருந்தைத் தாங்கக்கூடிய அளவில் ஆறு கிழமை பாருங்கள். 30 வீதம் குறையவில்லை என்றால் படிப்படியாக நிறுத்திவிட்டு அடுத்தது. நிறுத்தாமல் மேலே மேலே அடுக்குவதால்தான் ஒரு ஆளுக்கு ஏழு குளிசை ஆகிறது.

பதிவு 9 | ஓபிடி_கந்தளாய்

பிரிகாபலினை இளம் பிள்ளைகள் போதைக்குப் பாவிப்பதால் இப்போது எழுதவே பயமாக இருக்கிறது. ட்ரமடோலும் அதே.

பதிவு 10 | மூதூர்_ஜிபி

பயப்படுவது நியாயம்தான். ஆனால் அதற்காகத் தேவையானவருக்கு மறுக்க வேண்டியதில்லை, ஒழுங்கு தேவை. ஒரே வைத்தியர், ஒரே பாமசி, ஒரு தடவைக்கு 2 கிழமைக்கு மட்டும், அடுத்த திகதிக்கு முன் 'தொலைந்துபோய்விட்டது' என்றால் மறுபடி இல்லை. இதை முதல் நாளே கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிரிகாபலினோடு ட்ரமடோலும் குடியும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் என்பதை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

ட்ரமடோல் நாட்பட்ட நாரி நோவுக்கும் முழங்காலுக்கும் நீண்டகால மருந்து அல்ல. நாளுக்கு 400 மி.கி. எல்லை. வலிப்பு வந்தவருக்குக் கூடாது. மனச்சோர்வுக்குளிசைகளோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் என்று செரோடோனின் கூடும். அமிட்ரிப்டிலினும் அதில் அடங்கும். மாதக்கணக்கில் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்த வேண்டாம், ஒன்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை 50 மி.கி. குறைப்பது பொறுக்கும். குறைக்கும் நாட்களில் நோ கூடும், அது நோய் முற்றியது அல்ல, மருந்து விலகும் குணம் என்று முன்கூட்டியே சொன்னால்தான் தாங்குவார்கள். புற்றுநோய் நோவுக்கு 'நீண்டகால மருந்து அல்ல' என்ற கட்டுப்பாடு பொருந்தாது. அங்கே மோர்பின் கொடுக்கத் தயங்குவதுதான் பிழை.

தலைநோக்காரருக்கும் ஒரு கணக்கு: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிற்றமோல் அல்லது இபுபுரூபன், அல்லது 10 நாளோ அதற்கு மேலோ கொடீன் கலந்த குளிசை, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் குளிசையே தலைநோவை உண்டாக்குகிறது. கலண்டரில் ஒவ்வொரு குளிசைக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மாத முடிவில் கோட்டை எண்ணினாலே விளங்கும்.

பதிவு 11 | பிசியோ_உப்புவெளி

'எக்ஸர்சைஸ் செய்யுங்கோ' என்று கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்புகிறார்கள். அது மருந்துச் சீட்டில் 'குளிசை குடியுங்கோ' என்று எழுதுவது மாதிரி. அளவோடு எழுதுங்கள்.

முழங்காலுக்கு: உயரமான கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி 5 செக்கன் பிடித்து இறக்குவது, 10 தடவை, மூன்று சுற்று, கிழமையில் ஐந்து நாள். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது, 5இல் தொடங்கி 15 வரை. பலன் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும். இரண்டாம் நாள் தொடை உளைவது தசை வேலை செய்ததால். மூட்டு வீங்கினால்தான் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

நடைக்கு அடிப்படை அளவு எடுங்கள். மூன்று நாள், நோ கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். 12, 18, 9 என்றால் சராசரி 13. அதில் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 10 நிமிடம்தான் தொடக்கம். நல்லாக இருந்தாலும் 10, நோ இருந்தாலும் 10. கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் வீடு கழுவி, தேங்காய் உரித்து, சந்தைக்கும் போய்விட்டு அடுத்த இரண்டு நாள் பாயில் கிடப்பதுதான் பலரைக் கெடுக்கிறது. உடம்பு அந்த ஏற்ற இறக்கத்தால் மேலும் கூருணர்வாகிறது. காலை 6 மணிக்குக் கடற்கரை வீதியில் தட்டையான தரை நல்லது. மணலில் ஒரு பக்கம் சரிவு, முழங்காலுக்கு ஆகாது.

தொழில் வழி நோவுக்கு வேலையை விடச் சொல்லாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். கரைவலை இழுப்பவர் நாரியால் இழுக்காமல் முழங்காலை மடித்துக் கால் பலத்தில் பின்னே போக வேண்டும், பக்கம் மாறி மாறி நிற்க வேண்டும். நாற்று நடுபவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துப் பத்துத் தடவை பின்னால் வளைவது. முழங்கால் மடங்காதவர் கதிரையில் இருந்து தொழலாம், கொமோட் வைத்தால் குந்தும் வேலை போகும்.

ஸ்கான் அறிக்கை பற்றி ஒரு வேண்டுகோள். நோவே இல்லாத ஆட்களை ஸ்கான் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில் 20 வயதில் 30 வீதமானோருக்கும் 80 வயதில் 84 வீதமானோருக்கும் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) புடைப்பு இருந்தது. ஆகவே 'டிஸ்க் விலகிட்டுது, எலும்பு தேய்ஞ்சு போச்சு, பாரம் தூக்கக்கூடாது' என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த வசனத்தை ஆள் இருபது வருடம் சுமப்பார், குனியப் பயப்படுவார். பயந்து அசையாத முதுகு இன்னும் விறைக்கும். 'தலைமயிர் நரைக்கிற மாதிரி உள்ளேயும் நரைக்கும், அசைக்க அசைக்கப் பலமாகும்' என்று சொன்னால் போதும்.

பதிவு 12 | சித்தமருத்துவம்_நிலாவெளி

எங்கள் ஊரில் சித்த மருத்துவம் கோணேசபுரி வளாகத்தில் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. ஆகவே இதையும் சேர்த்துத்தான் குடும்ப வைத்தியர் கேட்க வேண்டும், மறைத்துவைக்கும்படி ஆக்கக்கூடாது. 'நாட்டு மருந்து எடுக்கிறீங்களா?' என்று முகம் சுளிக்காமல் கேட்டால் சொல்லுவார்கள்.

நொச்சி இலை ஒற்றடம், தைலம் பூசி இதமாகத் தேய்ப்பது தசைப்பிடிப்புக்கு உதவும், ஆபத்தும் குறைவு. மரத்த பாதத்தில் சூட்டு ஒற்றடம் வேண்டாம் என்று மிஸ் சொன்னது எங்களுக்கும் விதி. வாயால் எடுப்பவற்றில் கவனம். பதிவில்லாத ஆளிடம் பெயரில்லாத சூரணம், உருண்டை வாங்கி, இரண்டே நாளில் எல்லா நோவும் பறந்தது என்றால் உள்ளே ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். முகம் வட்டமாகும், சீனி ஏறும், தோல் மெலிந்து நீலம் பாயும். அப்படியானவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்திருந்தால் உடம்பு தன் ஸ்டீரொயிட்டைச் சுரப்பதை மறந்திருக்கும், சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயங்குவார். ஆஸ்பத்திரியில் அளவு குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எடுப்பவர் என்றால் சிறுநீரகப் பரிசோதனை அவசியம்.

பதிவு 13 | குச்சவெளி_எம்ஓ

மாவட்டத்துக்கே உரிய இரண்டு விசயம் விடுபடக்கூடாது.

ஒன்று சுழியோடிகள். சங்கு, கடலட்டைக்கு ஆழத்தில் இறங்குபவர், அல்லது முன்பு இறங்கியவர், தோள் அல்லது இடுப்பு நோ என்று வந்தால் தசைப்பிடிப்பு என்று அனுப்பாதீர்கள். அழுத்த மாற்றத்தால் எலும்பின் பந்து முனைக்கு இரத்தம் போவது தடைப்பட்டு அந்த இடம் செத்துப்போகலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். எத்தனை வருடம், எவ்வளவு ஆழம், மேலே வந்த பிறகு மூட்டு நோ அல்லது விறைப்பு வந்ததா என்று கேட்டுக் கடிதத்தில் எழுதுங்கள்.

மற்றது யுத்தக் காயம். உடம்பில் செல் துண்டு இருப்பவரை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புமுன் அதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இரும்புத் துண்டு காந்தத்தால் அசையும், சூடாகும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் என்றால் உயிராபத்து. முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்து இடம் பார்ப்பார்கள். சின்னத் துண்டுகள் இருப்பதை ஆளே மறந்திருப்பார், ஆகவே தழும்பைப் பார்த்துக் கேளுங்கள். கால் இழந்தவருக்கு இல்லாத காலில் நோ வருவது மனப்பிரமை அல்ல. நரம்பு நோ மருந்துகளோடு கண்ணாடி முன் மற்றக் காலை அசைக்கும் பயிற்சியும் சிலருக்கு உதவும், பிசியோவிடம் அனுப்புங்கள். மிச்சமிருக்கும் காலின் முனையில் பொய்க்கால் அழுத்தும் இடத்தில் நோ என்றால் அது வேறு. அங்கே பொய்க்காலைத்தான் திருத்த வேண்டும்.

இவர்களில் பலருக்கு நித்திரையில் அந்த நாட்கள் திரும்ப வரும், சத்தம் கேட்டால் திடுக்கிடுவார்கள். நோவும் அதுவும் ஒன்றையொன்று ஊட்டும். நித்திரை எப்படி, எதிலாவது மனம் போகிறதா, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறதா என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம், 1926 இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

பதிவு 14 | உவர்மலை_வைத்தியர்

எல்லாருக்கும் நன்றி. எப்போது மேலே அனுப்புவது என்று கேட்டிருந்தேன், ஆனால் அனுப்பும் கடிதத்தின் ஒழுங்கை ஒருவரும் எழுதவில்லை. நான் பாவிக்கும் ஒழுங்கைப் போடுகிறேன், குறை இருந்தால் திருத்துங்கள்.

நோ தொடங்கிய மாதம், இடம், வகை. ஆபத்து அடையாளங்கள் கேட்டேன், இல்லை அல்லது இது இருக்கிறது. மூன்று புள்ளி அன்றும் இன்றும். இதுவரை கொடுத்த மருந்து ஒவ்வொன்றும்: பெயர், எட்டிய அளவு, எத்தனை கிழமை, ஏன் நிறுத்தினோம். கிரியேட்டினின், சீனி. நாட்டு மருந்து, ஊசிகள். ஆளின் இலக்கு. கடைசியில் உங்களிடம் நான் கேட்பது என்ன என்று ஒரு வரி: நோய் நிர்ணயமா, மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசியா, சத்திரசிகிச்சையா, மருந்து குறைக்க உதவியா.

பதிவு 15 | மூதூர்_ஜிபி

நல்ல ஒழுங்கு. இரண்டு திருத்தம்.

'மூட்டுக்குள் ஊசி' என்று கேட்டால் இதுவரை எத்தனை போட்டாயிற்று, எந்த மாதம் என்று எழுதுங்கள். ஒரே மூட்டில் வருடத்துக்கு மூன்று நாலுக்கு மேல் போடுவதில்லை. வேறு இடத்தில் போட்டதை அவர்கள் அறிய வழி இல்லை. சலரோகக்காரர் என்றால் போட்ட பிறகு சில நாள் சீனி ஏறும், அந்தக் கிழமை யார் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள்.

மற்றது, 'கிளினிக்கில் என்ன மாற்றினாலும் கொப்பியில் எழுதித் திருப்பி அனுப்பவும், தொடர்ந்து நான் பார்க்கிறேன்' என்ற வரி. அது இல்லாவிட்டால் கிளினிக் ஒரு பட்டியல், நாங்கள் ஒரு பட்டியல் என்று மறுபடியும் இரண்டு கொப்பி ஆகிவிடும்.

பதிவு 16 | பாமசி_கிண்ணியா

அந்தக் கொப்பியைப் பாமசிக்கும் கொண்டுவரச் சொல்லுங்க டொக்டர். அட்டையின் உட்பக்கத்தில், இப்போது எடுக்கும் மருந்துகள் மட்டும் பென்சிலால். மாறினால் அழித்து எழுதலாம். கிரியேட்டினின் அளவையும் அதே பக்கத்தில் திகதியோடு போட்டால், குளிசை கொடுக்குமுன் நாங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.